கேஸ் கீசரின் புகை எந்தப் பக்கம் போகும்?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பாத்ரூமுக்கு டைல்ஸ் பார்க்கும்போதே கீசரையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். ஓசூர் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. தர்மபுரி அதில் பாதி உயரம்தான், அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் தாக்குப் பிடிப்பார்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்தும், கரண்ட் போனால் குளியல் நின்றுவிடுமே என்றும் பலர் கேஸ் கீசர் வாங்குகிறார்கள்.

வாங்கி மாட்டிய பிறகு ஏதாவது ஒரு வேலை வந்து சேரும். ஷவர் இடம் மாறும், ஜன்னலுக்கு கிரில் போடுவார்கள், பக்கத்து மனையில் சுவர் எழும்பும். அப்போதுதான் கீசரின் தலையிலிருந்து வெளியே போகிற புகைக்குழாய் இடைஞ்சலாகத் தெரியும். "ஒரு எல்போ போட்டு இந்தப் பக்கம் திருப்பி விட்டுடலாம் சார்" என்பார் பிளம்பர். தண்ணீர்க் குழாய் என்றால் அவர் சொல்வது சரி. மேலே டேங்க் இருக்கிறது, அந்த அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும், நாலைந்து எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) இருந்தாலும் தண்ணீர் வந்துவிடும். புகைக்குப் பின்னால் அப்படித் தள்ளுவதற்கு ஆள் இல்லை. அதனால் புகைக்குழாயைத் திருப்புவது தண்ணீர்க் குழாயைத் திருப்புகிற மாதிரியான வேலை இல்லை.

அந்தக் குழாயில் என்ன போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். எல்பிஜி என்பது புரோபேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. போதுமான காற்றோடு எரிந்தால் அதிலிருந்து வருவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் உண்டாகும். அந்த ஒரு கிலோ முழுதாக எரிய, அறையிலிருந்து கிட்டத்தட்ட 13 கன மீட்டர் காற்று வேண்டும்.

இதை நம் பாத்ரூமுக்கு ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடாக்க 10 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் தேவை. சமையலறை அடுப்பில் ஒரு பர்னர் 2 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், கீசர் ஓடும்போது அங்கே ஐந்தாறு பர்னர்களை ஒன்றாகப் பெரிய தீயில் எரிய விட்டிருக்கிறோம் என்று பொருள். பத்து நிமிடக் குளியலில் 160 கிராம் கேஸ் போல எரியும், 2 கன மீட்டர் காற்று செலவாகும். 4 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம் உள்ள பாத்ரூமில் மொத்தமே ஐந்தரைக் கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. இதில் மார்கழிக் குளிருக்கு வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே செய்தித்தாளைச் சொருகி வைக்கும் பழக்கம் வேறு. ஓசூர் உயரத்தில் ஒவ்வொரு கன மீட்டரிலும் இருக்கிற ஆக்சிஜன், சென்னையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு போலக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று போதாமல் போனால் நெருப்பு உடனே அணைந்துவிடாது. அரைகுறையாக எரிந்துகொண்டே இருக்கும். அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நாற்றம், அது கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்படும் கந்தகச் சேர்மம். எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். அதனால் "நாத்தம் எதுவும் வரலையே" என்று நிம்மதியாக இருக்க முடியாது, கார்பன் மோனாக்சைடு நாறவே நாறாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, லேசான கிறுகிறுப்பு, குமட்டல். அப்புறம் கால் துவளும். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது தாழ்ப்பாள் வரை நடக்கத் தெம்பு இருக்காது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை என்று கதவை உடைத்ததாகச் செய்திகளில் படிக்கிறோமே, பெரும்பாலும் நடந்தது இதுதான்.

சரி, இந்தப் புகையை வெளியே கொண்டுபோவது எது? சாதாரண கீசரில் அதன் சொந்தச் சூடுதான். பழைய செம்பு பாய்லர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அடியில் சாம்பல் தட்டு, நடுவில் விறகோ கரியோ எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். சூடான புகை லேசாகி நடுக்குழாய் வழியே மேலே ஏறும், அது காலி செய்த இடத்துக்கு அடித்தட்டின் வழியாகப் புதுக்காற்று வரும். அடியில் சாம்பல் அடைத்துக்கொண்டால் பாய்லர் புகைந்து கண்ணைக் கரிக்கும். கேஸ் கீசரிலும் நடப்பது இதேதான், கண் மட்டும் கரிக்காது.

இந்த ஏற்றத்துக்கு எவ்வளவு பலம் என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கும். 150 டிகிரிப் புகை நிற்கும் ஒரு மீட்டர் செங்குத்துக் குழாய் உண்டாக்கும் இழுவை சுமார் 3 பாஸ்கல். தண்ணீரை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்துகிற அழுத்தம் அவ்வளவுதான். அதே குழாயைச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்துக் கொண்டுபோனால் அந்த நீளத்துக்கு இழுவையே கிடையாது. உயரம்தான் இழுக்கிறது, நீளமும் எல்போவும் தடுக்கின்றன. பிளம்பர் திருப்பி விட்ட பிறகு குழாயில் எவ்வளவு உயரம் மிஞ்சியது, எவ்வளவு படுக்கை சேர்ந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு 90 டிகிரி எல்போவை ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதல் குழாய் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் எத்தனை எல்போ வரை போடலாம், மொத்த நீளம் எவ்வளவு என்று கீசரோடு வரும் கையேட்டில் எழுதியிருக்கும். அந்தக் கையேட்டைத்தான் நாம் அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்போம்.

3 பாஸ்கலுக்கு எதிரிகள் ஏராளம். வெளியே மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அது குழாயின் வாயில் 13, 14 பாஸ்கல் அழுத்தும். அது சாதாரணக் காற்று. ஆடியில் அம்மியே பறக்குமாம், இந்த 3 பாஸ்கல் எம்மாத்திரம்? குழாயின் வாய் மேற்குப் பார்த்து இருந்து, தலையில் மூடியும் இல்லையென்றால், ஆடி மாதம் முழுக்கப் புகை வீட்டுக்குள்தான் திரும்பும்.

வெளிக்காற்றைவிட மோசமான எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: எக்ஸாஸ்ட் ஃபேன். "ஃபேன் போட்டிருக்கோமே, அது புகையை எடுத்துடும்" என்று பலர் நினைக்கிறார்கள். கதவை இறுக்கி மூடிய அறையில் ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவுக்கு அடியில் இடுக்கு இல்லை, வென்டிலேட்டரில் காகிதம். மிச்சம் இருக்கிற ஒரே திறப்பு கீசரின் புகைக்குழாய். மேலே போக வேண்டிய புகையைக் குழாய் வழியாகவே ஃபேன் கீழே இழுத்துக்கொள்ளும். சமையலறை சிம்னியும் இதைச் செய்யும். மணிக்கு 1000 கன மீட்டருக்கு மேல் இழுக்கும் என்று சொல்லித்தான் அவற்றை விற்கிறார்கள். கீசரை யுடிலிட்டியில் மாட்டி, யுடிலிட்டிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்து, பக்கத்துச் சமையலறையில் சிம்னியையும் ஓட விட்டால் அதே கதைதான்.

அப்படியானால் ஃபேன் கூடாதா? கூடும், அது காற்றை எடுக்கும் அளவுக்கு உள்ளே வரவும் நிரந்தரமான வழி இருந்தால். கதவின் அடியில் சல்லடை வைத்தது, அல்லது சுவரில் எப்போதும் திறந்தே இருக்கிற துவாரம். ஜன்னலைத் திறந்து வைப்போம் என்ற நினைப்பு தை மாத விடியலில் நிற்காது.

குழாயைத் தொடுவதற்கு முன் உங்கள் கீசர் எந்த வகை என்று தெரிய வேண்டும். விலை குறைந்த பல கீசர்களில் குழாயே இருக்காது, மேல்பக்கத்தில் வெறும் துளைகள்தான். அதற்குத் தலையில் தகரத்தை வளைத்து வைத்து நாமாக ஒரு குழாய் சேர்ப்பது வேண்டாத வேலை. அந்த கீசர் நாலு பக்கமும் காற்று புழங்கும் இடத்தில் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அடுத்த வகையில் குழாய் இருக்கும், புகை தானாக ஏறும். மூன்றாவதில் உள்ளேயே ஒரு சின்ன ஃபேன் புகையைத் தள்ளும், கரண்ட் இல்லாவிட்டால் இது எரியாது. நான்காவது வகைதான் நல்லது, விலையும் அதற்கேற்ப ஏறும்: குழாய்க்குள் குழாய், உள்குழாயில் புகை வெளியே போகும், வெளிக்குழாயில் புதுக்காற்று உள்ளே வரும். அறையின் காற்றை அது தொடுவதே இல்லை.

குழாயின் சரிவு இந்த வகைகளைப் பொறுத்து மாறும். புகை தானாக ஏறும் வகையில், படுக்கையாகப் போக வேண்டிய துண்டு கூட வெளிவாயை நோக்கி ஏறியபடியே இருக்க வேண்டும். ஃபேன் தள்ளும் வகையில் வெளிப்பக்கம் லேசாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் குளிர்ந்து தண்ணீரான நீராவியும் கீசருக்குள் வரும். இணையத்தில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைக் கீசர் பக்கமாகச் சரித்துப் போடச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லர்கள், புகையில் இருக்கிற நீராவியைக்கூடக் குளிர வைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கின்றன. புகை ஐம்பது டிகிரி சுமாரில்தான் வெளியேறும், வழியில் சேரும் தண்ணீர் பாய்லருக்கே திரும்பி ஒரு வடிகால் வழியாக இறங்கும். அதனால் பிளாஸ்டிக் தாங்குகிறது. நம் கீசரின் புகை நூறு டிகிரிக்கு மேல். 80 டிகிரியிலேயே பிவிசி இளகிவிடும். இங்கே உலோகக் குழாய்தான், அதிலும் துருப்பிடிக்காத எஃகு. சமையலறை சிம்னிக்குப் போடும் சுருக்கு வைத்த அலுமினியப் பைப் சுலபமாக வளைகிறது என்பதற்காகவே பலர் போடுகிறார்கள். மடிப்புகளில் தண்ணீர் தங்கும், ஓட்டை விழும், அந்த ஓட்டை பொய்க்கூரைக்கு மேலே இருந்தால் யார் கண்ணிலும் படாது. கீசரின் வாய் எவ்வளவு அகலமோ அதைவிடக் குறுகலான குழாயும் கூடாது. இந்தக் குழாயைச் சமையலறை சிம்னிக் குழாயோடு சேர்க்கவே கூடாது, சிம்னி நின்றிருக்கும் நேரத்தில் கீசர் புகை சமையலறைக்கு வரும்.

குழாய் எங்கே முடிகிறது என்பதில்தான் நம் ஊர்களில் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க எரிவாயு விதிகள், ஃபேன் தள்ளும் புகைக்குழாயின் வாய் திறக்கக்கூடிய ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருந்தால் 4 அடி தள்ளியும், மேலே இருந்தால் குறைந்தது 1 அடி உயரத்திலும் இருக்கச் சொல்கின்றன. ஓசூரின் புது லேஅவுட்களில் இரண்டு வீடுகளுக்கு நடுவே இருக்கிற சந்தே பல இடங்களில் 3 அடிதான். உங்கள் புகைக்குழாய் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கும். அடுக்குமாடியில் இன்னும் மோசம். எல்லா பாத்ரூம் வென்டிலேட்டர்களும் திறக்கிற டக்ட் ஒன்று நடுவில் இருக்கும். மேலே திறந்திருக்கிறதே, வெளியே விட்ட மாதிரிதான் என்று குழாயை அதில் விட்டுவிடுவார்கள். காற்று அசையாத காலையில் முதல் மாடிப் புகை இரண்டாம் மாடி வென்டிலேட்டருக்குள் நுழையும். கீசரே இல்லாத வீட்டில் தலைவலி வரும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாத்ரூமுக்குள் இருக்கும் கீசரின் புகைக்குழாயை எப்படித் திருப்பலாம் என்று யோசிப்பதே நம் வீடுகளில் பெரும்பாலும் வீண். கீசரையே வெளியே எடுங்கள். கொல்லைப்புறம், மொட்டைமாடிப் படிக்கு அடியில் திறந்த இடம், மூன்று பக்கம் திறந்த சர்வீஸ் ஏரியா, எதுவானாலும் சரி, மழை நேராக அடிக்காமல் தலைக்கு மேல் ஒரு சன்ஷேட் இருந்தால் போதும். ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். அங்கிருந்து வெந்நீரைக் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். தண்ணீரைத் தள்ள டேங்க் இருக்கிறது, எல்போவுக்கு அது அஞ்சாது, பிளம்பருக்கும் பழகிய வேலை. "வெந்நீர் வர லேட் ஆகும்" என்று ஒரு ஆட்சேபம் வரும். வெந்நீர் தாங்கும் அரை அங்குல சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில் 4 மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் ஐந்து விநாடியில் அது வந்து முடிந்துவிடும். குழாய் சூடேற இன்னும் சில விநாடிகள். பாதுகாப்புக்கு இது பெரிய விலை இல்லை.

மாற்றவே முடியாது, குழாயைத்தான் திருப்பியாக வேண்டும் என்ற நிலை என்றால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆளையே வரவழைத்துச் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு சோதனையை நீங்களே பாருங்கள். புகை தானாக ஏறும் வகையில், கீசரின் மேல்புறம் குழாய் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு திறந்த பாவாடை மாதிரித் தகரம் இருக்கும். கதவு, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் சமையலறை சிம்னியையும் முழு வேகத்தில் ஓட விட்டு, கீசரை எரிய விடுங்கள். ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே நிற்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து போய், உடனே திரும்பச் சாத்திக்கொண்டு, கொளுத்திய ஊதுபத்தியை அந்தத் தகர விளிம்போரம் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை குழாய்க்குள் இழுபட வேண்டும். விளிம்பில் தயங்கி நின்றாலோ உங்கள் முகத்துக்குத் திரும்பினாலோ, கேஸை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சர்வீஸ் ஆள் கிளம்புவதற்கு முன் அவர் கண் எதிரிலேயே இதைச் செய்வது நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை குழாயின் வாயையும் எட்டிப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும்.

சுடரின் நிறம் ஒரு தடயம். மஞ்சளாக ஆடினால், மேலே கரி படிந்தால், எரிவதில் கோளாறு நிச்சயம். ஆனால் நீலமாக எரிகிறது என்பதை வைத்துக் கோளாறு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சில மாடல்கள் 20 நிமிடத்தில் தானாக அணையும், அது கடிகாரம் மட்டும்தான், காற்றை அது பார்ப்பதில்லை. காற்றைப் பார்க்க வேண்டுமானால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்க வேண்டும். கேஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு, கடையில் அழுத்திக் கேளுங்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்தவை, பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் கத்தும், 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள் கத்தும். பாத்ரூம் ஈரத்தில் அவை கெட்டுப்போகும், வாசலுக்கு வெளியே மாட்டுங்கள்.

குளிக்கப் போனவர் பதில் சொல்லவில்லை என்றால் கதவைத் திறந்து அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள், கேஸை மூடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே போகிறவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் இழுத்து வர வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர்" என்று சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் காட்டாது. உயிருக்குப் போராடுகிறவருக்கும் 98 என்று காட்டக்கூடும்.

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார், கீசர் பாத்ரூமுக்குள்தான் இருக்கிறது என்கிறவர்கள், வேறு ஏற்பாடு ஆகும் வரை ஷவரை மறந்துவிடுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கெட் வெந்நீர் பிடியுங்கள், கீசரையும் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள், வென்டிலேட்டர் காகிதத்தை எடுத்துவிட்டு ஃபேனைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், அப்புறம் உள்ளே போய்க் குளியுங்கள்.